லாரிக்கு ஒரு மூக்கு

திருநீர்மலைக்கு அந்தப் பெயர் வந்த கதை தெரியுமோ? திருமங்கையாழ்வார் தரிசனத்துக்கு வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளமாம். ஆறு மாசம் தங்கிக் காத்திருந்து, வடிந்த பிறகு போய்ச் சேவித்தார் என்பார்கள். இப்போது வந்திருந்தால் அவ்வளவு நாள் வேண்டாம். பல்லாவரம் ரோட்டில் ஒரு டிப்பர் லாரி போன புழுதி அடங்கும்வரை நின்றால் போதும். என்ன, அதற்குள் அடுத்த டிப்பர் வந்துவிடும்.

அந்த டிப்பர்களில் ஒன்று என் மச்சானுடையது. ஓட்டுவது அவன், ஆர்.சி. புக் அவன் பேரில். ஆபீஸ் சொசைட்டியில் லோன் போட்டு முன்பணம் கொடுத்தது மட்டும் அடியேன்.

இந்த ஊரில் பெருமாள் நாலு கோலத்தில் சேவை சாதிக்கிறார். கீழே நீர்வண்ணர் நின்ற கோலம். மலைமேல் நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். வாங்கிய எட்டே மாசத்தில் எங்கள் செகண்ட் ஹேண்ட் லாரியும் நாலையும் காட்டிவிட்டது. முதலில் நடந்தது. பிறகு ஏற்றத்தில் நின்றது. அப்புறம் ஷெட்டில் உட்கார்ந்தது. கடைசியில் பிஸ்டன் வேறு லைனர் வேறாகச் சாக்கு மேல் கிடந்தது.

காரணம் நான்தான். (என் மனைவி பின்னால் நின்று எட்டிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன்.)

ஆபீசில் எனக்கு பர்ச்சேஸ் செக்‌ஷன். குண்டூசி வாங்கினாலும் மூணு கொட்டேஷன், அதில் எது குறைச்சலோ அதற்கு ஆர்டர். இருபது வருஷமாக இதே வேலை. ஒருநாள் மச்சான் போன் செய்தான்.

“மாமா, ஏர் ஃபில்டர் மாத்தணும். கம்பெனி பெட்டி விலை ஜாஸ்தியா இருக்கு. வெளி மார்க்கெட்ல நிறைய பேர் போடறாங்க. எதை வாங்கட்டும்?”

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நேரம். “மூணு கடையில விலை கேளு. குறைஞ்சதை வாங்கு.”

வாங்கினான். பெட்டியை தூரத்திலிருந்து பார்த்தால் பிரபல பிராண்ட். கிட்டே போனால் பேரில் ஒரு எழுத்து வேறே. எழுநூறு ரூபாய் மிச்சம். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலு மாசத்தில் லாரி ஆயில் சாப்பிட ஆரம்பித்தது. நீலப் புகை. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் குப்குப்பென்று பேக் கம்ப்ரஷன். பம்மல் பக்கத்து ஷெட்டில் ஒரு பாய் இருக்கிறார். இன்ஜினைத் தொடவேயில்லை மனுஷர். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலிருந்த ரப்பர் ஹோஸைக் கழற்றினார். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்று தடவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். விபூதி தொட்ட மாதிரி இருந்தது.

“இது இன்னா சார்?”

“புழுதி.”

“இது ஃபில்டருக்கு அந்தாண்ட இருக்கற பைப்பு. இங்க இது இருக்கவே கூடாது.”

அப்புறம் பழைய ஃபில்டரையும் நான் ‘சாங்ஷன்’ செய்த ஃபில்டரையும் டூல் பாக்ஸ் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். என்னுடையது அரை நகக்கண் உயரம் குறைச்சல். அவ்வளவுதான். அதனால் மூடியை எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர் கேஸ்கெட் அழுந்தவில்லை. ஒரு ஓரத்தில் சாம்பல் கலரில் வால் மாதிரி கோடு விழுந்திருந்தது. காற்று அந்த வழியாகத்தான் போக்குவரத்து நடத்தியிருக்கிறது.

“காத்தும் நம்மள மாதிரிதான் சார். பக்கத்துல சந்து இருந்தா செக்போஸ்ட் வழியா ஏன் வரும்?”

லாரி எவ்வளவு காற்று குடிக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆறு லிட்டர் இன்ஜின் 2000 சுற்றில் ஓடினால் நிமிஷத்துக்கு சுமார் 6000 லிட்டர். டர்போ இருந்தால் இன்னும் அதிகம். பத்துக்குப் பத்து ரூம் ஒன்றை ஐந்து நிமிஷத்துக்குள் காலி செய்துவிடும். ஒரு லிட்டர் டீசல் எரிய குறைந்தபட்சம் பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். டீசலுக்கு ரூபாய் கணக்கில் அழுகிறோம். கூடவே போகிற பத்தாயிரம் லிட்டர் ஓசி என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

அதிலும் நம் ஏரியா கல் லேசுப்பட்டதில்லை. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் சமாதிக் கல், நம் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் கல் ஜாதி. ஹாலண்ட் என்ற புவியியல் நிபுணர் 1893-ல் அதைப் பற்றி எழுதினார். சார்னோகைட் என்று பெயரே விழுந்துவிட்டது. அதில் இருக்கும் குவார்ட்ஸ், சாதாரண இரும்பைவிடக் கடினம். அந்தப் பொடி ஆயிலோடு கலந்து பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் போனால், ராப்பகலாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். கண்ணுக்குத் தெரிகிற மண்ணைவிட, தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள நைஸ் தூசிதான் வில்லன்.

ஃபில்டரைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்று ஓர் உலகத் தரம் இருக்கிறது. அதற்கு ஊதும் புழுதிகூட தரம் பிரித்த புழுதி. அரிசோனா மண்ணைச் சலித்து, டப்பாவில் அடைத்து விலைக்கு விற்கிறார்கள், சார்! பல்லாவரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

ஹாஃப் இன்ஜின் வேலைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது. எழுநூறு ரூபாய் மிச்சம் பிடித்ததை மச்சான் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. மூணு வாரம் வண்டி ஓடவில்லை. பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டத் தங்கச்சி வளையலை வைத்ததாக வேறு வழியில்தான் தெரிந்தது.

புது ஃபில்டர் வாங்க நானே கிளம்பினேன். பழையதைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் டிரெயினில் போனேன். எதிர் சீட்டுப் பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “தவில் எந்தக் கச்சேரிக்கு?” என்றார்.

ஜி.பி. ரோடில் விதவிதமாகக் காட்டினார்கள். ஒரு கடைப் பையன், எண்ணெயில் நனைத்த பஞ்சு ஃபில்டர் ஒன்றைப் புகழ்ந்தான். “ரேஸ் கார்ல போடறது சார், பிக்கப் எகிறும்.” பாய் முன்னாடியே எச்சரித்திருந்தார். பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலேட்டர் காற்று வழியைத் திறக்கிறது. டீசலில் அது டீசலின் அளவைத்தான் கூட்டுகிறது, காற்று ஏற்கெனவே வேண்டிய மட்டும் போகிறது. அடைப்பில்லாத பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டு இதைப் போட்டால் ஜல்லி லாரிக்குப் புதிதாக ரெக்கை முளைக்காது. சுலபமாகக் காற்றை விடுகிற துணி, நைஸ் தூசியையும் சுலபமாக விட்டால் யார் கேட்பது?

கடைசியில் வாங்கியது லாரிக் கம்பெனி பெட்டியும் இல்லை. ஃபில்டர் மட்டுமே செய்கிற பேர் பெற்ற கம்பெனியின் சரக்கு, பில்லோடு. கொஞ்சம் மலிவுதான். ஆனால் வாங்குமுன் ஸ்கேலை எடுத்து உயரம், உள்வாய், வெளிவாய் எல்லாம் அளந்தேன். ரப்பரை அழுத்தினால் திரும்ப எழும்புகிறதா, பேப்பர் மடிப்பு சீராக இருக்கிறதா, மூடி பிசின் முழுக்கப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். கடைக்காரர், “பொண்ணு பாக்கறீங்களா சார்?” என்றார்.

மாட்டும்போதுதான் பாயின் வித்தை. கூண்டை ஊதக்கூடாது, ஊதினால் தூசி நேராக டர்போ பக்கம் போகும். ஈரத்துணியால் துடைத்தார். உள் ஃபில்டரையும் புதிதாகப் போட்டார், அதைத் தட்டிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுகிற வேலையே கிடையாதாம். நடு நட்டுக்கு அடியில் இருக்கவேண்டிய சீல் வாஷர் காணோம். கூண்டுக்கு அடியில் தூசியைத் துப்புவதற்கு வாத்து வாய் மாதிரி ஒரு ரப்பர் உண்டு, எங்கள் வண்டியில் அந்த இடத்தில் பழைய பனியன் துணி அடைத்திருந்தது. யார் செய்தது என்று கேட்டால் கிளீனர் பையன் வானத்தைப் பார்த்தான்.

அவன் செய்த இன்னொரு புண்ணியம், தினமும் டயர் கடை கம்ப்ரஸரில் ஃபில்டருக்குக் காற்றடித்தது. டயருக்கு அடிக்கிற வேகத்தில் அடித்தால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். கொஞ்சம் அழுக்கான ஃபில்டர், புதுசைவிட நன்றாகவே தூசி பிடிக்கும் என்கிறார் பாய். ஒட்டின தூசியே இன்னொரு சல்லடை. சாமானியமாக டீசல் இன்ஜினுக்கு, 25 அங்குலம் தண்ணீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற அளவு சிரமம் வந்தால்தான் மாற்ற வேண்டும். அதைக் காட்ட ஒரு சின்ன இண்டிகேட்டர் இருக்கிறது, சிவப்பு வரும். எங்கள் வண்டியில் இருந்தது. வேலைதான் செய்யவில்லை. மாற்றினோம்.

இப்போது மாட்டின வாரம் முடிந்ததும் மச்சான் ஹோஸைக் கழற்றி விரல் விட்டுப் பார்த்துவிட்டு போன் செய்தான். “விரல் சுத்தம், மாமா!”

என் மனைவி, “என்னவாம் அவனுக்கு?” என்றாள்.

“ஒண்ணுமில்லே, கை அலம்பிட்டானாம்.”

சொசைட்டி லோனில் இன்னும் 22 தவணை பாக்கி.