பாதம் கழுவிய கையில்தான் சாவியும் இருக்கிறது

ஆரல்வாய்மொழியின் காற்றாடிமலையில்தான் 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தைத் திருவிதாங்கூர் வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். மார்த்தாண்டவர்மாவின் அரசில் அதிகாரியாக இருந்தவர். சாதி பாராமல் எல்லாரும் சமம் என்று பேசியது மேல்சாதியினரின் பகையைக் கிளப்பியது என்று வத்திக்கான் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது. 2012 டிசம்பரில் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் கொடுத்தபோது அவர் 'தேவசகாயம் பிள்ளை'. பலர் கேள்வி எழுப்பிய பிறகுதான் 2022 மே 15 அன்று அந்த வால் இல்லாமல் புனிதரானார். செத்தும் 270 ஆண்டுகள் சாதியைச் சுமக்க வைத்திருக்கிறோம்.

பெயரிலிருந்து சாதியை எடுப்பது எளிது. நிர்வாகத்திலிருந்து?

ஒவ்வொரு பெரிய வியாழனும் பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுகிறார். எங்கள் மாவட்டத்துப் பங்கு ஒன்றில் ஒரு வருடம் அந்தப் பன்னிரண்டில் என் மாமாவும் உட்கார்ந்தார். எங்கள் தெருவிலிருந்து யாராவது ஒருவர் அந்த வரிசையில் கட்டாயம் இருப்பார், போட்டோவும் எடுப்பார்கள். ஈஸ்டர் முடிந்து திருவிழாக் கணக்கைக் கேட்டார் மாமா. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குவே?" என்று பதில் வந்தது. நிதிக்குழுவில் எங்கள் தெரு ஒருநாளும் இருந்ததில்லை.

இதை ஒரு சாமியாரின் குணக்கேடு என்று ஒதுக்கிவிட வேண்டாம். சட்டமே அப்படி இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 536ஆம் பிரிவுப்படி, பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. தலைமை வகிப்பவர் பங்குத்தந்தை. நிதிக்குழுவும் அவருக்கு உதவி செய்யத்தான். பணியாளர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவரை வேலையிலிருந்து நீக்க, அவர் பணி செய்யும் மக்களுக்கு வழியில்லை. உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு வேலைக்காரரைப் பார்க்க முடியாது.

"மக்களிடம் அதிகாரம் போனால் ஊரில் பெரும்பான்மைச் சாதிதான் ஆளும். சாதியை உடைக்கச் சாமியாருக்கு அதிகாரம் வேண்டும்" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆதாரமாக வடக்கன்குளத்தைக் காட்டுவார்கள். தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. 1872இல் எழுந்த கோவிலில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பகுதி, நடுவில் சுவர். 1910இல் கௌசானல் அடிகளார் சுவரை இடித்தார். வழக்குப் போட்டும் சுவர் திரும்பவில்லை.

சரி, இடித்தது குருவின் அதிகாரம்தான். ஆனால் அப்படிப் பிரித்துக் கட்டவும் சம்மதித்தது அதே அதிகாரம்தானே? நல்ல சாமி வந்தால் சுவர் விழும், அடுத்தவர் வந்தால் எழும் என்றால் அது உரிமை இல்லை, சலுகை. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016இல் இந்திய ஆயர் பேரவை தன் தலித் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டவர்கள் ஆயர்கள், நிறைவேற்ற வேண்டியவர்கள் ஆயர்கள், நிறைவேறியதா என்று சொல்லப்போவதும் ஆயர்கள்!

பெரும்பான்மைச் சாதி ஆளும் என்ற பயம் உண்மையானால் அதற்கு வழி இருக்கிறது. பங்குப் பேரவையிலும் நிதிக்குழுவிலும் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். பேரவையின் முடிவு குருவைக் கட்டுப்படுத்தட்டும். குருமடச் சேர்க்கையையும் திருச்சபைப் பள்ளி, கல்லூரி நியமனங்களையும் சாதிவாரியாக வெளியிடுங்கள். இதற்கெல்லாம் ரோமாபுரியின் அனுமதி வேண்டும் என்பீர்கள். கணக்குக்கு வேண்டாமே. அடுத்த பெரிய வியாழனுக்குள் வரவு செலவை ரூபாய் பைசாவோடு கோவில் கதவில் ஒட்டுங்கள். மாமா வந்து வாசித்துக்கொள்வார்.