கையைக் கீழே போடுங்க சார்!

தமிழ்நாட்டில் முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரைப் பார்த்து, "வயித்தை உள்ளே இழுங்க... மூச்சைப் பிடிங்க... அசையாதீங்க!" என்று உத்தரவு போடும் உரிமை இரண்டே பேருக்குத்தான் உண்டு. ஒருவர் எக்ஸ்ரே எடுப்பவர். இன்னொருவர் போட்டோ எடுப்பவர்.

ஒரே ஒரு வித்தியாசம். எக்ஸ்ரேகாரரிடம் காசைக் கட்டிவிட்டுத்தான் உள்ளேயே போக முடியும். என்னிடம்? அந்த சோகத்துக்கு அப்புறம் வருகிறேன்.

நான் கும்பகோணத்தில் கமர்ஷியல் போட்டோகிராபர். உடனே பம்பாய், மாடல் அழகி, பீச் என்றெல்லாம் கற்பனைக் குதிரையைத் தட்டிவிட வேண்டாம். என் மாடல்கள் யார் தெரியுமோ? நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, ரவா தோசை. போன மாசம் ஒரு டாக்டர் கிளினிக் விளம்பரத்துக்காக ஒரு பல் செட். இவர்களிடம் ஒரு சௌகரியம். யாரும் கண்ணைச் சிமிட்டுவதில்லை. "நான் குண்டாத் தெரியறேனா?" என்று கேட்பதில்லை.

"இப்பத்தான் எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே. உனக்கு எதுக்கய்யா காசு?" என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் என்ன, தினம் ஒருத்தராவது கேட்கிறார்கள். நல்ல வெயிலில் செல்போன் பிரமாதமாகவே எடுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியே கடைக்குப் போய் ஒரு பித்தளைக் குத்துவிளக்கை எடுத்துப் பாருங்கள். படத்தில் விளக்கு இருக்கும். விளக்குக்குள்ளே நீங்கள் இருப்பீர்கள். கூடவே டியூப்லைட், ஃபேன், எதிர்க்கடை போர்டு, டீ கொண்டுவரும் பையன் எல்லாரும் இருப்பார்கள்.

பளபளக்கும் பித்தளை என்பது உருண்டையான கண்ணாடி. அதன்மீது வெளிச்சம் அடித்துப் பிரயோஜனமில்லை. அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அதற்குத்தான் வெளிச்சம் போட வேண்டும். அதனால் விளக்கைச் சுற்றி வெள்ளைத் துணியால் ஒரு கூடாரம் கட்டி, லென்ஸ் நுழைய ஓர் ஓட்டை விட்டு, வெளியிலிருந்து லைட் அடிப்பேன். முழுக்க வெள்ளையாக இருந்தாலும் வம்பு. விளக்கு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறிப் போகும். இரண்டு பக்கமும் கறுப்புச் சார்ட் அட்டையில் ஒரு கீற்று வெட்டி நிறுத்தினால், விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு விழும். அப்போதுதான் விளக்குக்கு இடுப்பு வரும்!

பாத்திரக்கடை முதலாளி ஒருவர் நான் கட்டின கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன தம்பி, விளக்குக்குக் காய்ச்சலா? போத்தி வச்சிருக்கே?"

ஆன்லைனில் விற்பதற்காக எடுத்த படங்கள் அவை. அமேசான் மாதிரி இடங்களில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படத்தில் 85 சதவிகிதத்தை நிரப்ப வேண்டும் என்று விதி. விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், "சரிதான். அந்த வெள்ளையிலே ஓர் ஓரமா மகாலட்சுமி படம் வரட்டும். நம்ம பேரனும் நிக்கட்டும்" என்றார்.

* * *

பளபளப்புக்கு அடுத்த எதிரி, சூடு. ஓட்டல் மெனு கார்டுக்குப் படம் எடுப்பது ஓட்டப்பந்தயம். தோசை கல்லிலிருந்து இறங்கி ஐந்தே நிமிஷத்தில் தளர்ந்துவிடும். டிகிரி காபியின் நுரை அதற்கும் முன்னால் அமுங்கிவிடும். காபியில் ஆவி பறக்க வேண்டுமென்றால் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும், வெளிச்சம் டம்ளருக்குப் பின்பக்கத்திலிருந்து வர வேண்டும். முன்னாலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் ஆவி மாயம். ஆறின காபி!

பிரியாணிக்கு வேறு விதமான சோதனை. ஒரு ஓட்டல்காரர் தட்டில் கறித்துண்டுகளை வாழைத்தாருக்குச் சீப்பு போல அடுக்கிக்கொண்டே போனார்.

"அண்ணே, இவ்வளவு கறி கஸ்டமருக்கும் வைப்பீங்களா?"

"அதெப்படி கட்டுப்படியாகும்?"

2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஜனங்களைத் திசைதிருப்பும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட வழி இருக்கிறது என்றேன். மனிதர் ஒவ்வொரு துண்டாகத் திரும்ப எடுத்தார். கடைசித் துண்டுக்கு வந்ததும் "இதாவது இருக்கலாமா?" என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் படம் எடுத்திருக்கலாம்.

* * *

பொருள்களாவது பரவாயில்லை. கடைத் திறப்பு விழா என்றால் மனுஷ ஜாதி வந்துவிடும். ரிப்பன் வெட்டுபவர் வெட்டியபின், "அண்ணன் மாத்திரம் வெட்டலியே" என்று இன்னொருவருக்காக அறுந்த ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி வெட்டுவார்கள். இரண்டாவது படத்தில் முடிச்சு தெரியாமல் எடுப்பது என் சாமர்த்தியம்.

அப்புறம் குரூப் போட்டோ. பன்னிரண்டு பேர் நின்றால் எந்தப் படத்திலும் ஒருத்தர் கண்ணை மூடியிருப்பார். பெரும்பாலும் பணம் தரப்போகிறவர்! இதற்கு ஆஸ்திரேலியாவில் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இரண்டு பேர் உட்கார்ந்து கணக்கே போட்டிருக்கிறார்கள். கும்பல் இருபதுக்குள் இருந்தால் தலைகளை எண்ணி மூன்றால் வகுக்க வேண்டும். வெளிச்சம் மட்டமாக இருந்தால் இரண்டால். அத்தனை படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோரும் விழித்திருப்பார்கள் என்று அநேகமாக நம்பலாம். 2006-ல் இதற்கு 'இக் நோபல்' கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் பரிசு அது.

பன்னிரண்டு பேருக்கு நாலு படம். ரொம்ப சுலபம் என்கிறீர்களா? நம் ஊரில் முதல் படத்தில் பன்னிரண்டு பேர். நாலாவது படத்துக்குள் பத்தொன்பது பேர். அதில் மூன்று பேர் பக்கத்து டீக்கடைக்கு வந்தவர்கள்.

* * *

இப்போது சோகத்துக்கு வருவோம். பில்.

எங்கள் தொழிலில் பாதி அட்வான்ஸ், பாதி படம் கொடுத்ததும் என்று சம்பிரதாயம். அந்த இரண்டாவது பாதிக்கு 'வெள்ளிக்கிழமை' என்று பெயர். "வெள்ளிக்கிழமை வாங்க தம்பி." போனால், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமியை வெளியே அனுப்பலாமா? அடுத்த வாரம் பார்ப்போம்" என்பார்கள். மேலே சொன்ன பாத்திரக்கடை முதலாளி இதில் டாக்டர் பட்டமே வாங்கியவர்.

இதில் சட்டமும் அவர் பக்கம். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவு. காசு கொடுத்து ஒருத்தர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் சொந்தக்காரர். எடுத்தவர் இல்லை. உங்கள் கல்யாணப் போட்டோவுக்கும் இதே கதைதான். போட்டோகிராபர் அதைத் தன் விளம்பரத்துக்குப் போட வேண்டுமென்றால் உங்களைக் கேட்க வேண்டும், அல்லது முதலிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். பாதிக் காசு கொடுத்தவருக்குப் பாதிப் படம்தான் சொந்தமா என்பது பற்றி மட்டும் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

* * *

அந்தப் பாத்திரக்கடையில் ஒரு பெரியவர் இருந்தார். விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பதுதான் அவர் வேலை, முப்பது வருஷத்துக்கு மேலாக. பித்தளையில் விரல் பட்டால் ரேகை படத்தில் வைரமாக ஜொலிக்கும் என்பதால், ஒவ்வொரு க்ளிக்குக்கு முன்னாலும் அவர் வந்து மெல்லிய துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போவார். மூன்று நாள் வேலை. லைட் சரியா என்று பார்க்க எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களை நிற்கச் சொல்லி ஒன்றிரண்டு எடுப்போம். அவரை நிற்க வைத்தேன்.

"என்னை எதுக்குத் தம்பி? விளக்கை எடுங்க" என்று வேட்டியில் கையைத் துடைத்தபடி சிரித்தார். க்ளிக். லைட் சரியாக இருந்தது. அவ்வளவுதான். விளக்கு வேலைக்குத் திரும்பிவிட்டோம்.

இந்த மாதிரி டெஸ்ட் படங்களைப் பல பேர் அன்று ராத்திரியே அழித்துவிடுவார்கள். நான் வைத்துக்கொள்வேன். மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு விதமான சாதனத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில் என்பது எங்கள் தொழிலில் சொல்லும் பால பாடம். என் வேறு வீடு மச்சினன் வீடு. அவனுக்கு அந்த ஹார்ட் டிஸ்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தங்கம் என்று நினைத்துப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். கையில் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை.

"அண்ணே, அப்பா தவறிட்டாங்க. பத்தாம் நாளுக்குப் படம் வேணும். வீட்டுல இதான் இருக்கு. இதைப் பெரிசு பண்ண முடியுமா?"

அந்த அட்டையில் இருந்தது ஒரு சாம்பல் நிறத் தீப்பெட்டி. நடுவில் இரண்டு புள்ளி. எத்தனை பெரிசு பண்ணினாலும் புள்ளிதான் பெரிசாகும். கடை பெயரைச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் தேடி அந்த டெஸ்ட் படத்தைத் திறந்தேன். அவள் ஸ்கிரீனைப் பார்த்தாள். எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா சிரிச்சா இப்படித்தாண்ணே பல்லு தெரியும். நான் மறந்தே போயிட்டேன்" என்றாள்.

17-வது பிரிவு ஞாபகம் வந்தது. கடைக்காக எடுத்த வேலையில் எடுத்த படம். முறைப்படி முதலாளியை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போன் பண்ணினேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை.

"இதுக்கெல்லாமா என்னைக் கேப்பே? பெரிசாப் போடு. நல்ல தேக்கு ஃப்ரேமா போடு. கடைக்கும் ஒண்ணு போடு. காசு நான் தர்றேன்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே கடைப் பையன் கையில் பணம் வந்துவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை! பழைய பாக்கி மட்டும் இன்னும் வெள்ளிக்கிழமையில்தான் நிற்கிறது. இப்போதெல்லாம் நான் அவ்வளவாகக் கேட்பதில்லை. கடைக்குள் நுழைந்தால் கல்லாவுக்கு மேலே அந்தப் படம் தெரிகிறது.

ஆபீஸ் போகிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் போனில் ஆயிரக்கணக்கில் படம் இருக்கும். அதில் அப்பா எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பேப்பர் படிக்கும் நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிப் போடுங்கள். வெளிச்சம் ஒரு பக்கமாக முகத்தில் விழட்டும். ஃப்ளாஷ் வேண்டாம். லென்ஸை வேட்டி முனையால் ஒரு தடவை துடைத்துக்கொள்ளுங்கள். "சிரிங்கப்பா" என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த மாசம் கரண்ட் பில் எவ்வளவு என்று கேளுங்கள். முகத்தில் உயிர் தானாக வரும்.

பேசிக்கொண்டே எடுத்துவிடுங்கள். இதற்குக் கமர்ஷியல் போட்டோகிராபர் தேவையில்லை.