சி.சி.க்கு ஒரே ரேட்டு, உசுருக்கு வேற ரேட்டு



போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் தெருப் பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேர் காலேஜ் மாணவர்கள். ஒருவன் அரகண்டநல்லூர் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன். இன்னொருவன் பெயின்ட் வேலைக்குப் பெங்களூர் போய் வருகிறவன். கையில் ஒரு மனு. 'பைக் இன்ஷூரன்ஸ் கட்டாயக் கட்டணத்தை ரத்து செய்' என்று தலைப்பு. தென்பெண்ணைப் பாலத்திலிருந்து திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பைக் பேரணி நடத்தப் போகிறார்களாம். "அண்ணா, நீங்க பேங்க்ல இருக்கீங்க, கவிதையும் எழுதுறீங்க, கொஞ்சம் காரமா திருத்திக் குடுங்க" என்றார்கள். கவிதைக்கும் மனுவுக்கும் ஒரே மிளகாய்தான் என்று நினைத்துவிட்டார்கள், இருக்கட்டும்.

மனுவை வாங்கி வைத்துக்கொண்டு மூணு ராத்திரி உட்கார்ந்தேன். பசங்க கோபம் நியாயமானது. ஆனால் மனு கேட்பது ரொம்பக் கம்மி என்று பட்டது. அதைச் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் கோபத்துக்குக் கணக்கு. 2018 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் புது டூவீலர் வாங்குகிறவன் அஞ்சு வருஷத்துக்கான தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸை மொத்தமாகக் கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். நம்மாள் வாங்குகிற நூறு சி.சி. வண்டிக்கு அப்போது 3,285 ரூபாய். 2022 ஜூனிலிருந்து 3,851. 150 சி.சி.யைத் தாண்டினால் 7,365. இதுக்கு மேலே பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. அதே 2018 செப்டம்பரில் இன்னொன்றும் வந்தது. வண்டி ஓட்டுகிற உரிமையாளனுக்கே அடிபட்டால், செத்தால் கொடுக்கிற கட்டாய விபத்துக் காப்பீடு ஒரு லட்சத்திலிருந்து 15 லட்சமானது, பிரீமியம் 50 ரூபாயிலிருந்து 750 ஆனது. ஒரு லட்சமெல்லாம் ஒரு தொகையா என்று 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் கேட்டதன் விளைவு அது. 2019க்குப் பிறகு இந்த ரேட்டு கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. வேறு எதிலாவது 15 லட்சத்துக்கு விபத்துப் பாலிசி இருந்தாலோ, முதல் வண்டிக்கு ஏற்கனவே எடுத்திருந்தாலோ திரும்ப எடுக்க வேண்டியதில்லை. ஷோரூமில் எவனும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

லாரிக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. 2018 ஜூலை 20 முதல் எட்டு நாள் நாடு முழுக்க லாரியை நிறுத்தினார்கள், தேர்டு பார்ட்டி பிரீமியத்தைக் குறை என்பதும் கோரிக்கையில் ஒன்று. மந்திரியே உட்கார்ந்து பேசினார். பைக்காரனுக்கு என்ன இருக்கிறது? அவனவன் தனித்தனியாக கவுண்டர் முன்னால் நின்று, தனித்தனியாக முணுமுணுத்துவிட்டுக் கட்டுகிறான். அல்லது கட்டாமலே ஓட்டுகிறான். 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிக்கு 2,000 ரூபாய் அபராதம். பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன.

பைக் நமக்கு ஆடம்பரம் இல்லை என்பதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டை வீட்டு வாசலில் நிற்காமல் காலையில் அம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்ப முடிகிறது என்றால் அதுக்கு இந்த ரெண்டு சக்கரம்தான் காரணம். அதனால்தான் அது சிலர் கண்ணைக் குத்துகிறது. சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் 2025 பிப்ரவரியில் ஒரு தலித் கல்லூரி மாணவனின் இரண்டு கையையும் வெட்டினார்கள். நீ எப்படி புல்லட் ஓட்டலாம் என்று கேட்டு வெட்டினார்கள் என்பது புகார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. 350 சி.சி. வரைக்கும் ஒரு ரேட்டு, அதுக்கு மேலே ஒரு ரேட்டு என்று போடுகிற பட்டியலில் இந்த ஆபத்துக்குக் கட்டம் கிடையாது.

சரி, கட்டுகிறோம். என்ன வருகிறது?

எங்கள் தெருத் தம்பி ஒருவன். மணலூர்பேட்டை ரோட்டில் உளுந்து காயப் போட்டு, சுத்தி கல் அடுக்கி வைத்திருந்தார்கள். ராத்திரி கல்லில் ஏறி விழுந்தான், பிழைக்கவில்லை. வண்டி சித்தப்பா பேரில். சித்தப்பா ஒழுங்காக 750 சேர்த்துக் கட்டியிருந்தார். கம்பெனியிலிருந்து வந்த கடிதம் மூணே வரி: இறந்தவர் ஆர்.சி. உரிமையாளர் அல்ல, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அவங்க அம்மா அந்தக் கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்து என்னிடம் கொண்டு வந்தாங்க. "நீ இங்கிலீசு படிச்சவன், இன்னா போட்டுருக்கு பாரு சாமி." நான் படித்துச் சொன்னேன். "அப்ப அது இன்னாத்துக்கு பணம் வாங்குனான்?" அவ்வளவுதான் கேட்டாங்க.

தேர்டு பார்ட்டி என்று போனாலும் முட்டுச்சந்து. இரவல் வண்டி ஓட்டுகிறவன் மூன்றாம் நபர் ஆக மாட்டான், அவன் உரிமையாளனின் செருப்புக்குள் கால் வைத்தவன் என்பது கோர்ட்டு இங்கிலீசு. செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடந்ததற்கு அடி வாங்கிய சனத்துக்கு இந்த ஒரு செருப்பை மட்டும் சட்டமே மாட்டிவிடுகிறது. 2020 ஜனவரியில் இப்படி ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம், உரிமையாளனின் இடத்தில் இருப்பதால் அவனுக்கு உண்டான விபத்துக் காப்பீட்டை மட்டும் கொடு என்று அந்தப் பாலிசியில் இருந்த ஒரு லட்சத்தைக் கொடுக்கச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு தம்பி குடும்பமும் இப்போது கோர்ட்டுக்கு நடக்கிறது.

நம் தெருவில் ஒரு வண்டியை எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அண்ணன் பேரில் லோன், தம்பி ஓட்டுவான், மச்சான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவான். ஒருத்தனுக்கு ஒரு வண்டி என்பது கூட்டுக்குடும்பத்தையும் கடன் கஷ்டத்தையும் தெரியாதவன் எழுதிய பாலிசி. அதிலும் சாவு அல்லது நிரந்தர ஊனம் என்றால்தான் காசு. கால் முறிந்து ஆறு மாசம் கூலிக்குப் போகாமல் கிடந்தால் ஒரு பைசா கிடையாது. அந்த நேரத்தில் உதவியது மாநில அரசு 2021 டிசம்பரில் கொண்டுவந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டம். முதல் 48 மணி நேரம் வைத்தியம் இலவசம், ஆர்.சி. யார் பேரில் என்று கேட்பதில்லை. 

இன்னொரு கணக்கு இருக்கிறது, அது இதைவிடக் கசப்பு. பிரீமியம் சி.சி. பார்த்து வாங்குகிறார்கள். என்னிடமும், கமிட்டியில் மூட்டை தூக்கும் தம்பியிடமும் ஒரே தொகை. நாளைக்கு ஒரே லாரி எங்கள் இரண்டு பேரையும் அடித்தால் நஷ்ட ஈடு வருமானம் பார்த்து. எனக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, அவனுக்கு இல்லை. 1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த அட்டவணை வருமானம் இல்லாதவரின் உயிரை வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்று கணக்குப் போட்டது. 2018 மே வரை இருபத்து நாலு வருஷம் அந்த எண் அசையவில்லை. எதிர்காலத்தில் உயர்ந்திருப்பானே என்று சேர்க்கிற தொகையில்கூட வித்தியாசம். நாற்பது வயசுக்குள் செத்தால் நிரந்தர வேலைக்காரனுக்கு 50 சதவீதம், மற்றவனுக்கு 40 என்று 2017இல் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. செத்தவனின் நம்பிக்கைக்கும் கிரேடு. வருமானம் எந்தத் தெருவில் எவ்வளவு இருக்கிறது என்பதை யார் தீர்மானித்தார்கள் என்று கேட்கிற அட்டவணை ஒன்றும் இல்லை. 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான். ஓட்டில் எல்லோருக்கும் ஒரே மதிப்பு, வாழ்க்கையில் இல்லை.

இப்போது பசங்க மனுவுக்கு வருகிறேன். அவர்கள் ரத்து செய்யச் சொல்லும் அந்த 15 லட்சம் இருக்கிறதே, மொத்தக் கூத்தில் அது ஒன்றுதான் சம்பளச் சீட்டு கேட்காதது. கிளார்க் செத்தாலும் 15 லட்சம், மூட்டைக்காரன் செத்தாலும் 15 லட்சம். அதை ஒழி என்று நாமே கத்துவதா? 2022இல் மட்டும் நாட்டில் ரோட்டில் செத்த 1,68,491 பேரில் 74,897 பேர் டூவீலரில் போனவர்கள். அதில் தமிழ்நாடு முதலிடம். இந்தச் சாவில் நமக்குப் பங்கு அதிகம், பாதுகாப்பில் பங்கு கம்மி.

ஆனால் விலை? நான் ஒவ்வொரு மே மாசக் கடைசியிலும் ஜன்தன் கணக்குகளில் பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறவன். 2018இல் 2 லட்சத்துக்கு 12 ரூபாய், 2022 முதல் 20 ரூபாய். ஆர்.சி. வேண்டாம், இரவல் வண்டி ஓட்டினாலும் செல்லும். 2018 கணக்கில் லட்சத்துக்கு 6 ரூபாய். பைக்காரனிடம் வாங்கியது லட்சத்துக்கு 50. பைக்கில் ஆபத்து அதிகம், ஒப்புக்கொள்கிறேன். எட்டு மடங்கா? அதைக் காட்டட்டும், கணக்கை வெளியே வைக்கட்டும். (இந்த 20 ரூபாய் பிடித்திருப்பதே தெரியாமல் செத்தவர் பாஸ்புக்கை முடிக்க வருகிற குடும்பங்களைப் பார்க்கிறேன். உங்கள் தெருவில் இதைச் சொல்லுங்கள்.)

பசங்களுக்கு நியூசிலாந்து கதையும் சொன்னேன். அங்கே 1974 முதல் விபத்துக் காப்பீடு அரசுடையது. தப்பு யாருடையது என்று கேட்காமல் அடிபட்ட எல்லோருக்கும் வைத்தியம், வேலைக்குப் போக முடியாதவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம். 2009இல் 600 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குக்கு வருஷக் கட்டணத்தைச் சுமார் 250 டாலரிலிருந்து 745 ஆக்கப் பார்த்தார்கள். நவம்பர் 17 அன்று ஆயிரக்கணக்கான பைக்குகள் வெலிங்டன் பார்லிமெண்ட் முன்னால் வந்து நின்றன. ரக்பி ஆடி முட்டி உடைகிறவனிடம் தனிக் கட்டணம் வாங்குகிறாயா, கார்க்காரன் இடித்ததற்கு நான் ஏன் கூடக் கட்டணும் என்பது அவர்கள் வாதம். கட்டணம் ஏறியது, ஆனால் கேட்ட அளவுக்கு ஏறவில்லை. அந்தப் பேரணிக்கு 'பைக்கோய்' என்று பேர் வைத்தார்கள். நிலத்துக்காக 1975இல் நடந்த மவோரி மக்கள் தங்கள் நடைக்கு வைத்திருந்த 'ஹிக்கோய்' என்ற சொல்லிலிருந்து எடுத்தது. நிலம் பறிபோன சனத்தின் சொல் பைக்குக்குப் பேரானது.

அதனால் மனுவைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். ரத்து செய் என்பதை அடித்துவிட்டேன். காப்பீடு ஆர்.சி. பேரைப் பார்க்காமல் வண்டியை ஓட்டுகிறவனுக்குச் சேரட்டும். எலும்பு முறிந்து கிடக்கும் மாசங்களுக்குக் கூலி சேரட்டும். சாவுக்கு ஈடு வருமானம் பார்க்காமல் கிடைக்கட்டும். பிரீமியம் எப்படிப் போட்டாய் என்ற கணக்கு தமிழில் கிடைக்கட்டும்.

மூட்டை தூக்கும் தம்பி படித்துப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்குண்ணா. ஆனா பேனர்ல அடங்காதே" என்றான். பெயின்ட் வேலைக்காரன், ரெண்டு பேனராக நானே எழுதித் தருகிறேன் என்றான். பேரணித் தேதி இன்னும் முடிவாகவில்லை. வந்த நாலு பேர் வண்டியில் மூணுக்கு இன்ஷூரன்ஸ் முடிந்து கிடக்கிறது. பாலத்தைத் தாண்டுவதற்குள் போலீஸ் மடக்கும், ஆளுக்கு 2,000. முதலில் அதைக் கட்டிவிட்டு வருகிறோம் என்று போயிருக்கிறார்கள்.