பிரஷர் கணக்கு போனில் போகட்டும், டிஸ்பென்சரிக் கதவு திறந்திருக்கட்டும்



எங்கள் லயத்தில் பிரஷரோ சீனி வருத்தமோ இல்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிளினிக் நாளில் பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, மாத்திரை வாங்கித் திரும்பினால் அன்றைய பேர் போய்விடும். அதனாலேயே கிளினிக்கைத் தவறவிடுகிறவர்கள் நம்மில் பலர்.

இப்போது பல வீடுகளில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. வெளியில் வேலை செய்யும் பிள்ளை பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்புகிறது. அம்மா பிரட்டுக்குப் போகுமுன் கையில் பட்டியைக் கட்டிப் பார்க்கிறார். பேரன் அந்த இலக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறான். கொழும்புக் கடையில் நிற்கும் மகனும் குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகளும் அதைப் பார்க்கிறார்கள்.

இது நல்ல பழக்கம் என்பதே என் கருத்து. என் அம்மாவுக்கு மூன்று நாள் தொடர்ந்து 160க்கு மேல் காட்டியது. கொழும்பிலிருந்து தங்கச்சி பேசி, "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த கிளினிக் வரைக்கும் காணவேண்டும் என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

ஆனால் பார்க்கும் முறை சரியாக இருக்க வேண்டும். மலை ஏறி இறங்கிய கையோடு பார்த்தால் கணக்குப் பிழைக்கும். ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே தேத்தண்ணீர், புகையிலை வேண்டாம். கையை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். போனில் அனுப்பினாலும் திகதியோடு கிளினிக் கொப்பியிலும் எழுதுங்கள். டாக்டர் பார்ப்பது கொப்பியைத்தான்.

அடிக்கடி 140/90க்கு மேல் காட்டினால் கிளினிக் நாள்வரை காத்திராமல் டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். 180/120ஐத் தாண்டினால் சற்று ஓய்வெடுத்து மறுபடி பாருங்கள். இறங்காவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் விழுதல் என்றால் மெஷினைத் தேடாதீர்கள், பிள்ளையின் பதிலுக்கும் காத்திராதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. குவைத்திலிருக்கும் மகள் மெசேஜைப் பார்க்கும் நேரத்தில் இங்கே உயிர் போய்விடலாம்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். முதலாவது, குரூப்பில் வரும் வைத்தியம். "மாத்திரையை விடு, பாகற்காய்ச் சாறு குடி" என்று யாரோ அனுப்பியதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, யார் பார்க்கிறார்கள் என்பது. எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் சீனி ரிப்போர்ட்டை, நல்ல மனதோடுதான், ஒருவர் டிவிஷன் குரூப்பில் போட்டுவிட்டார். அந்தக் குரூப்பில் கங்காணியும் இருந்தார், உத்தியோகத்தரும் இருந்தார். அடுத்த வாரம் "உனக்கு இந்த மலை ஏலாது" என்று பேச்சு வந்தது. நோய் அவருடையது, அதை யாரிடம் சொல்வது என்பதும் அவருடைய உரிமை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தகவலை விசேட வகையாகத்தான் வைத்திருக்கிறது. அதனால் வீட்டாருக்கு மட்டும் தனிக் குரூப் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. தோட்ட மக்கள் போனில் பார்த்துக்கொள்கிறார்கள்தானே என்று டிஸ்பென்சரியைப் பூட்டிவைக்க யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது. மெஷின் வாங்கி அனுப்பப் பிள்ளை இல்லாத வீடுகள் எத்தனை? சிக்னலுக்காக வளைவு ரோட்டு வரைக்கும் ஏறவேண்டிய லயங்கள் எத்தனை? போன் இலக்கத்தைக் காட்டும், ஊசி போடாது. 1990 வந்தாலும் ரோடு இல்லாவிட்டால் நோயாளியைக் கம்பளியில் கட்டித்தான் தூக்கவேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை: வாரம் ஒரு நாள் பிரட்டுக் களத்திலேயே பிரஷரும் சீனியும் பார்க்க வேண்டும். கொப்பியைக் காட்டினால் கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. டிஸ்பென்சரியில் மாத்திரை தீராமல் இருக்க வேண்டும். லயம் வரைக்கும் அம்புலன்ஸ் வரும் பாதை வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த நான்கையும் பேசுவோம். பிள்ளைகள் தூரத்திலிருந்து தங்கள் கடமையைச் செய்கிறார்கள். பக்கத்திலிருக்கும் நிர்வாகம் தன் கடமையைச் செய்யட்டும்.