அடங்காத பிள்ளையா, அடங்க இயலாத பிள்ளையா?

‘அடியாத மாடு படியாது’ என்பது நம் வீடுகளில் வழிவழியாக வழங்கிவரும் சொல். மாட்டுக்கு அது பொருந்துமோ, நாம் அறியோம். ஒருவகைப் பிள்ளைகளுக்கு அது அறவே பொருந்தாது என்பதையே இம்மாதம் பெற்றோர்முன் வைக்க விழைகின்றோம்.

இப்பிள்ளைகளை நம் பங்கு மக்கள் எல்லாரும் அறிவர். திருப்பலியில் முழந்தாளிட்ட மறுநொடியே பெஞ்சுக்கடியில் புகுந்திருப்பான். வகுப்பில் ஆசிரியர் வினாவை முடிக்குமுன்னே விடையைக் கத்துவான். கணக்குத் தெரியும், ஆயினும் கழித்தற் குறியைப் பாராமல் கூட்டிவிட்டு வருவான். உப்பு வாங்க அனுப்பினால் தெருமுனையில் நடக்கும் கிரிக்கெட்டில் நின்றுவிடுவான்; உப்பும் வராது, காசும் வராது. ‘வாலில்லாக் குரங்கு’ என்று உறவினர் நகைப்பர். ஆசிரியர் நாட்குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதி அனுப்புவார். மாமியாரோ, ‘வளர்த்த இலட்சணம்’ என்று மருமகளைப் பார்ப்பார்.

மருத்துவ உலகம் இந்நிலைக்குக் ‘கவனக் குறைவு, மிகை இயக்கக் குறைபாடு’ என்று பெயரிட்டுள்ளது, சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பர். கைப்பேசி கொண்டுவந்த புதுநோய் இது என்று எண்ணுவோர் உண்டு. 1902-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவில் குறைவின்றியும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத சிறுவரைப்பற்றி லண்டனில் விரிவுரைகள் ஆற்றினார். அந்நாளில் கைப்பேசி ஏது?

பொறுத்திருத்தல், திட்டமிடுதல், எண்ணியதை உடனே செய்யாமல் நிறுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றுக்குரிய மூளையின் முன்பகுதி இப்பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகள் பிந்தியே முதிர்கிறது என்று 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இக்குறைபாடு பெரிதும் மரபுவழி வருவது. தந்தையின் பள்ளிக்காலக் கதைகளைப் பாட்டியிடம் கேட்டால் சில வீடுகளில் உண்மை வெளிப்படும்! குறைமாதப் பிறப்பும் எடைக்குறைவும் இதற்கான வாய்ப்பை மிகுதியாக்கும். தாயின் வளர்ப்பு இதற்குக் காரணமன்று. இதனைப் பாட்டிமார் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டுகின்றோம்.

உலகளவில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவருக்கு இஃது உண்டு. கோவை மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் 770 பிள்ளைகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 100-க்குப் பதினொருவரிடம் இதனைக் கண்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருவரேனும் இருப்பர் என்று கொள்வதில் தவறில்லை.

ஆயினும் துள்ளித் திரியும் பிள்ளைகள் எல்லாருக்கும் இப்பெயரைச் சூட்டிவிடலாகாது. மூன்று வயதுக் குழந்தை ஓடாமல் வேறென்ன செய்யும்? வயதுக்கு மிஞ்சிய அறிகுறிகள் ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குமுன் தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலேனும் காணப்பட வேண்டும். காது மந்தம், பார்வைக் குறைவு, உறக்கக் குறைவு, சிலநொடி நினைவு தப்பும் ஒருவகை வலிப்பு ஆகியனவும் கவனத்தைக் கெடுக்கும். இரவெல்லாம் குடித்துச் சண்டையிடும் தந்தையின் பிள்ளை வகுப்பில் கவனமின்றி இருப்பதற்குக் காரணம் தேட மருத்துவரிடம் போக வேண்டியதில்லை.

பெண்பிள்ளைகளைப்பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர்களுள் பலர் ஓடுவதுமில்லை, கத்துவதுமில்லை. சன்னலோரம் அமைதியாக அமர்ந்து வேறெங்கோ சஞ்சரிப்பர். பையில் பாதி எழுதிய ஏடுகள் கிடக்கும். யாருக்கும் தொல்லை தராததால் எவரும் கவனிப்பதில்லை. ‘மந்தம்’ என்ற பெயரோடு மேல்வகுப்புக்குச் செல்லும் அச்சிறுமி, நாளடைவில் அதனைத் தானும் நம்பிவிடுகிறாள். அடிபட்ட சிறுவனுக்கு நேர்வதும் இதுவே. ‘நான் கெட்டவன்’ என்று பத்து வயதில் முடிவு செய்துகொண்ட பிள்ளையைத் திருப்புவது, மூல நோயைக் கவனிப்பதினும் கடினம்.

ஐயமிருப்பின் குழந்தை மருத்துவரையோ மனநல மருத்துவரையோ அணுகுக. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளிடம் கண்டறிய வேண்டிய குறைபாடுகளுள் இதுவும் ஒன்று. அதன்கீழ் மாவட்ட அளவில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் கட்டணமின்றிப் பார்க்கின்றனர். 14416 என்னும் அரசு மனநலத் தொலைபேசியிலும் வழி கேட்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை, பொறுமைதான் அரியது. அடுப்படியிலிருந்து கூவும் ஆணை இப்பிள்ளையின் செவியில் ஏறாது. அருகில் சென்று, தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து, ஒரு வேளைக்கு ஒரே ஒரு வேலையைச் சொல்லுக. ‘பல் துலக்கி, குளித்து, பையை எடுத்து வா’ என்றால் பல்லோடு நின்றுவிடும். வீட்டுப் பாடத்தைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக்கி, இடையே எழுந்து நடக்க விடுக. நன்று செய்தால் அந்நொடியே பாராட்டுக. மாதக் கடைசியில் மிதிவண்டி என்னும் வாக்குறுதி இவர்களுக்கு எட்டாத் தொலைவு. ஆசிரியர் முன்வரிசையில் இடம் தந்து, கரும்பலகை துடைக்கும் பணியும் தந்தால் பாதித் தொல்லை தீரும். பள்ளியில் அடிப்பதையோ 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது.

மருந்தும் உண்டு. ஆறு வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் பயிற்சியே முதல் மருத்துவம். வளர்ந்த பிள்ளைகளுக்கு மெத்தில்பெனிடேட் முதலிய மருந்துகள் பெரும்பாலும் நற்பயன் தருகின்றன. பசியும் உறக்கமும் குறையக்கூடுமாதலால் எடையையும் உயரத்தையும் மருத்துவர் அவ்வப்போது பார்த்துவர வேண்டும். கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்தாதலின் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. தீருமுன்னரே வாங்கி வைத்தல் நன்று.

இன்னொரு செய்தி: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 குறைபாடுகளுள் இது தனியே பெயர் பெறவில்லை; கற்றல் குறைபாடு பெற்றுள்ளது. இவ்விரண்டும் பல பிள்ளைகளிடம் சேர்ந்தே காணப்படுவதால், சோதிக்கும்போது இரண்டையும் சோதிக்குமாறு கேளுங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் இருப்பின் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதனைப் பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலேயே பள்ளியில் கேட்டுவைப்பது நல்லது.