ஊருக்குப் போகுமுன் நீச்சல்

கோடை விடுமுறை நெருங்கினால் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் தொடங்கிவிடும். ஒன்று, ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைத்ததா என்பது. மற்றது, பிள்ளைகளைத் தண்ணீரில் விளையாட எங்கே அழைத்துப் போவது என்பது. சுடுகாற்று வீசும் நாட்களில் கூலருக்கு முன்னால் அவர்களும் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்கள்? வாட்டர் பார்க், மொட்டை மாடியில் காற்றடைத்த ரப்பர் தொட்டி, ரிஷிகேஷில் படகு என்று ஆளுக்கொரு யோசனை வரும். இவை எதற்கும் நான் விரோதியல்ல. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒரு செலவை நம்மவர்களில் பலர் செய்வதில்லை. பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

இது எல்லோருக்கும் பொதுவான விஷயம்தானே என்று கேட்கலாம். நமக்கு இதில் தனிப்பட்ட சங்கடம் ஒன்று இருக்கிறது. தில்லிப் பள்ளிகள் மே மாத நடுவில் மூடி ஜூலையில்தான் திறக்கின்றன. தமிழ்நாட்டிலோ பெரும்பாலும் ஜூன் தொடக்கத்திலேயே பள்ளிகள் திறந்துவிடும். மே மாதம் முழுவதும் பெரியப்பா பையனோடும் அத்தை பெண்ணோடும் கிணற்றடியிலும் ஆற்றங்கரையிலும் திரிந்த நம் பிள்ளை, ஜூன் மாதம் தனியாகிவிடுகிறான். கூட வந்தவர்கள் பள்ளிக்கூடத்தில். தாத்தா மதியத் தூக்கத்தில். வழி தெரியும், தண்ணீர் தெரியாது. அதே ஜூன் மாதத்தில்தான் குறுவைக்காக மேட்டூர் அணை திறப்பது வழக்கம். தேதி ஜூன் 12. அணையில் நீர் போதாத ஆண்டுகளில் தள்ளிப்போகும். திறந்த சில நாட்களில் தஞ்சைப் பக்கத்து வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வந்துவிடும். நேற்று கிரிக்கெட் ஆடிய மணல் இன்று இடுப்பளவு ஓட்டத்தின் அடியில் கிடக்கும். மணல் அள்ளிய பள்ளங்கள் இருந்தால் அவையும் அதே தண்ணீருக்குள் மறைந்துவிடும். உள்ளூர்ப் பிள்ளைக்கு எந்த இடத்தில் குழி என்று தெரியும். நம் பிள்ளைக்கு யார் சொல்வது?

அந்தக் காலத்தில் நீச்சல் பழக்கியது எப்படி என்று நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் ஒரு கயிற்றைப் போட்டு, மாமாவோ சித்தப்பாவோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறக்குவார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். முற்றிய சுரைக்காயும் கறிக்கு உதவாதுதான். ஆனால் எத்தனையோ பேருக்கு நீச்சல் கற்றுத் தந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டில் இருந்த சூட்சுமம், குடுக்கையைவிடக் கயிற்றைப் பிடித்த கைக்குத்தான் வேலை அதிகம் என்பது. பிள்ளைக்குப் பழக்கம் வர வர குடுக்கையைக் கழற்றிவிடுவார்கள்.

இப்போது கடையில் விற்கும் வாத்து வடிவ ரப்பர் டியூபும், தோளில் மாட்டும் காற்றுப் பைகளும் அப்படியல்ல. அவற்றைக் கழற்றவேண்டிய நாள் வருவதேயில்லை. டியூபை மாட்டியதும் அம்மாவும் அப்பாவும் கரையில் உட்கார்ந்து பேசத் தொடங்கிவிடுகிறார்கள். டியூப் ஒரு விளையாட்டுச் சாமான், உயிர் காக்கும் கருவி அல்ல. சிறு குழந்தை அதன் நடுத்துளை வழியாக நழுவிவிடலாம். கவிழ்ந்தால் கால் மேலேயும் தலை தண்ணீருக்குள்ளேயும் சிக்கிக்கொள்ளும். திறந்த ஏரியிலோ கடலிலோ காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகும்; துரத்தி நீந்துகிறவருக்கு எட்டாது. இத்தனைக்கும் மேலாக, தண்ணீரில் தன் உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதைப் பிள்ளை கற்கவே விடாது. டியூபோடு நான்கு கோடை விளையாடிய பிள்ளை, டியூப் இல்லாமல் விழுந்தால் முதல் நாள் தண்ணீரைப் பார்த்த பிள்ளைதான்.

முழுகுகிறவர் கையை ஆட்டிக் கூச்சல் போடுவார் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. உண்மையில் பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு விடவே வாய் போதாதபோது கூவுவது எங்கே? தலை சற்றுப் பின்னுக்குச் சாய்ந்து, உடம்பு நட்டுக்குத்தாக நின்று, வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் போகும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். சுற்றி நின்று விளையாடுபவர்களுக்கே தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாதவர். அந்த வயதில் நீச்சல் வகுப்பை மட்டும் நம்பிவிட முடியாது, கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருப்பதுதான் பாதுகாப்பு. கைப்பேசி இல்லாத பெரியவர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்கு மேல் முறையாகப் பழக்கலாம்.

படகு விஷயத்துக்கு வருவோம். 2024 ஜனவரி 18-இல் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் படகு கவிழ்ந்து இறந்தார்கள். ஏற்றக்கூடியதைவிட அதிகம் பேர் ஏற்றப்பட்டிருந்தார்கள். பலருக்கு உயிர்காப்பு ஜாக்கெட் இல்லை. ஆகவே ஒகேனக்கல் பரிசலோ, நைனிதால் படகோ, எதுவானாலும் ஜாக்கெட் தராவிட்டால் ஏறாதீர்கள். தந்தாலும் பிள்ளையின் எடைக்கு ஏற்றதா என்று பாருங்கள். மாட்டிப் பட்டைகளை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்கள் பிள்ளைக்குப் பெரியது. பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டுவது போட்டோவுக்குத்தான் உதவும்.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. 2014 ஜூன் 8-இல் இமாசலத்தின் பியாஸ் ஆற்றில் ஹைதராபாதிலிருந்து சுற்றுலா வந்த 24 மாணவ மாணவியர் அடித்துச் செல்லப்பட்டார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் வந்தபோது அவர்கள் ஆற்றின் பாறைகளில் இருந்தார்கள். கற்றுக்கொண்ட நீச்சல் அந்த வேகத்தில் உதவாது. அணைக்குக் கீழேயுள்ள ஆற்றில் படம் எடுக்க இறங்குவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்படவேண்டும்.

சரி, எங்கே கற்பது? 1982 ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த தல்கடோரா நீச்சல் குளம் நம் ஊரில்தான் இருக்கிறது. சிரி கோட்டை போன்ற டி.டி.ஏ. வளாகங்களில் குளங்கள் உண்டு. நாலு விதமான நீச்சலும் வேண்டாம். மல்லாந்து மிதக்கவும், திரும்பி மூச்சு விடவும், கரையை நோக்கி இருபது அடி வரவும் தெரிந்தால் முதல் ஆண்டுக்குப் போதும். கூடவே, யாராவது விழுந்தால் தானும் குதிக்கக் கூடாது. கூச்சல் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டும், வேட்டியோ கயிறோ மூடிய காலிக் கேனோ எறிய வேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் போன கதை ஊருக்கு ஊர் இருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பத்துப் பன்னிரண்டு வயதானதும் அவர்களை மட்டும் குளத்திலிருந்து நிறுத்திவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. கிணறு ஆண் பெண் பார்ப்பதில்லை. ஊர்க் கிணற்றில் நீந்தி வளர்ந்த பாட்டிகளின் பேத்திகள் இவர்கள். உடை பற்றித் தயக்கம் இருந்தால் முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைகள் கிடைக்கின்றன.

நம் சங்கங்கள் தமிழ் வகுப்பும் பாட்டும் பரதமும் சிறப்பாக நடத்துகின்றன. அவற்றோடு, ஏப்ரலில் ஒரு நீச்சல் வகுப்புக்கு ஏற்பாடு செய்தால் என்ன? தனிக்குளம் கட்டச் சொல்லவில்லை. இருபது பிள்ளைகள் பெயர் கொடுத்தால் ஏதாவது ஒரு குளத்தில் ஞாயிறு காலை தனி நேரம் கேட்டுப் பார்க்கலாம். தாய்மார்களும் சேர விரும்பினால் பெண் பயிற்சியாளர் ஒருவரையும் சேர்த்தே கேட்க வேண்டும். செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் யாராவது இதை எழுப்பினால் முதல் பெயராக என் வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுதிக்கொள்ளலாம்.