பேய்க்கு என்ன வேண்டுமாம்?

திருவையாறில் கல்லூரி படிக்கும் ஒரு தம்பி, போன வாரம் படிப்பு வட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது சொன்னான்: "அண்ணே, அம்பேத்கர் படிக்கிறேன், பெரியார் படிக்கிறேன். பேய் இல்லைன்னு நல்லாத் தெரியும். ஆனா பேய்ப்படம் பார்த்துட்டுப் படுத்தா லைட்டை அணைக்க முடியல." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது. அவன் கேட்டது நல்ல கேள்வி. தியேட்டரில் பயந்தது தியேட்டரோடு போகாமல் ஏன் நம்மோடு வீடு வரைக்கும் வருகிறது?

என் அனுபவத்தில் பதில் ரொம்ப எளிது. வீட்டுக்குப் போகிற வழி அப்படி. சின்ன வயதில் செகண்ட் ஷோ பார்த்துவிட்டுத் திரும்புவோம். தார் ரோடு வரைக்கும் எல்லோரும் சேர்ந்து வருவார்கள். குடியானத்தெருப் பையன்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொருவராக வீட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு இன்னும் அரைமைல் இருந்தது. வாய்க்கால் கரை, மதகு, புளியமரம், அப்புறம் சுடுகாடு, அதைத் தாண்டித்தான் தெரு. சினிமாக்காரன் செட் போட்டு எடுக்கிற லொகேஷன் முழுக்க எங்கள் வீட்டு வழியிலேயே இருந்தது. அவர்களுக்குப் படம் வணக்கம் போட்டதோடு முடிந்துவிடும். எங்களுக்கு அங்கேதான் ஆரம்பிக்கும்.

இது ஏதோ தற்செயல் என்று நினைக்காதீர்கள் தோழர்களே. டெல்டாவில் எந்தக் கிராமத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் எங்கே, சேரி எங்கே, சுடுகாடு எங்கே என்று ஒரு படம் வரைந்து பாருங்கள். பயப்பட வேண்டிய இடம் என்று எதையெல்லாம் ஊர் ஒதுக்கியதோ, அதன் பக்கத்தில்தான் நம்மையும் ஒதுக்கியது. பிணம் எரிக்கிற வேலையையும் நமக்கே கொடுத்தது. ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். பேயைப் பார்த்துப் பயந்த வெட்டியானை நான் பார்த்ததே இல்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வேகாத நெஞ்சாங்கூட்டைக் கழியால் தட்டிவிட்டு வருகிற எங்கள் பெரியப்பாவுக்கு, விடிந்ததும் கூலிக்காகப் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நிற்பதுதான் பயமாக இருந்தது.

பேய்களின் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? முனி, காட்டேரி, கருப்பு. இவர்களெல்லாம் யார்? நம் வீடுகளில் பலருக்குக் குலதெய்வம். காட்டேரி அம்மனுக்குப் படையல் போட்டுவிட்டுத்தான் எங்கள் தெருவில் கல்யாணமே வைப்பார்கள். ஊர் அவளைப் பேய் என்று சொல்லிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறது. 90களின் கடைசியில் சன் டிவியில் 'விடாது கருப்பு' வந்தபோது தமிழ்நாடே கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கியது. எங்கள் பாட்டி மட்டும் டிவியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது சாமி படம்.

திருவையாறில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்குவது இன்னும் சுலபம். ஆடி அமாவாசை அன்று புஷ்யமண்டபப் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள். காசிக்குச் சமமான இடம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். செத்துப்போன அப்பா, தாத்தா, அவருக்கும் அப்பா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறார்கள். இன்றைக்கு நம் ஆட்களும் போகிறார்கள், போகட்டும். ஆனால் அந்தப் படித்துறையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். செத்துப்போனவர்கள் திரும்ப வருவார்கள் என்று அங்கேயும் நம்புகிறார்கள், புளியமரத்தடியிலும் நம்புகிறார்கள். ஆற்றங்கரைக்கு வருகிறவர் பித்ரு, மரத்தடிக்கு வருகிறவர் பேய். யார் இப்படிப் பிரித்தது? முறையாகப் பாடை கட்டி, நல்ல பாதையில் கொண்டுபோய், சடங்கு செய்யப்பட்டவர் முன்னோர் ஆகிறார். அது கிடைக்காதவர் அலைகிறார்.

பாதை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2016 ஜனவரியில் மயிலாடுதுறை பக்கம் திருநாள்கொண்டச்சேரியில், ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. கடைசியில் போலீஸே உடலைக் கைப்பற்றி வேறு வழியில் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் பாதை மறிக்கப்பட்டதால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். வீடியோ எல்லோரும் பார்த்ததுதான். எந்த டைரக்டரும் யோசிக்க முடியாத ஷாட் அது.

சரி, சினிமாவுக்கு வருவோம். கோயில் பூசாரி பேயோட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடுக்கை அடித்து ஆட விட்டதும் அவர் முதலில் கேட்பது மூன்று கேள்விகள். நீ யார்? எந்த ஊர், எப்படிச் செத்தாய்? உனக்கு என்ன வேண்டும்? எந்த ஸ்டேஷனிலும் நம்மிடம் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. தமிழ்ப் பேய்ப்படத்தின் இடைவேளைக்குப் பிறகு வருகிற ஃப்ளாஷ்பேக் இந்த மூன்று கேள்விக்கான பதில்தான். அதை ஒரு புகார் மனு மாதிரிப் படித்துப் பாருங்கள்.

2007இல் வந்த 'முனி' படத்தில் ராஜ்கிரணின் முனியாண்டி யார்? குடிசைப் பகுதி மக்களுக்காக ஓர் அரசியல்வாதியை நம்பி, ஏமாந்து, கொல்லப்பட்டவர். 2011 'காஞ்சனா'வில் சரத்குமார் நடித்த திருநங்கை, ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை எம்.எல்.ஏ. அபகரித்துக்கொண்டு, நியாயம் கேட்டவரைக் கொன்றுவிடுகிறான். 2005 'சந்திரமுகி'யில் மன்னன் உயிரோடு கொளுத்திய ஒரு நடனக்காரி. கூலி, பட்டா, நிலம், தீ. இதற்குப் பேர் பேய்க்கதையா, எஃப்.ஐ.ஆரா? பஞ்சமி நிலம் 1892இல் நமக்கென்று ஒதுக்கப்பட்டது. இன்றைக்கு அதில் எவ்வளவு யார் கையில் இருக்கிறது என்று தாலுகா ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். காஞ்சனாவின் கோபம் புரியும்.

இந்தப் படங்களைக் குப்பை என்று ஒதுக்குகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. திருநங்கையைக் கேலிப்பொருளாகவே காட்டிக்கொண்டிருந்த சினிமாவில் காஞ்சனாவுக்காகத் தியேட்டர் கைதட்டியது சின்ன விஷயமல்ல. என் பிரச்சினை முடிவில்தான் இருக்கிறது. வில்லன் செத்ததும் பேய் திருப்தியாகிவிடுகிறது. சந்திரமுகியில் இன்னும் மோசம். எரிக்கப்பட்டவளுக்கு ஒரு பொம்மையை எரித்துக் காட்டி, நியாயம் கிடைத்துவிட்டதாக நம்ப வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அரண்மனை யாருடையதோ அவர்களிடமே இருக்கிறது. வீட்டைச் சுத்தம் செய்து குடும்பம் சிரித்தபடி போட்டோவுக்கு நிற்கும். அதனால்தான் இந்தப் படங்கள் நம்மை அலற வைக்கின்றன, ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதில்லை.

தங்குகிற படம் வேறு மாதிரி இருக்கும். 2024இல் வந்த மலையாளப் படம் 'பிரமயுகம்' பார்க்காதவர்கள் பாருங்கள். கறுப்பு வெள்ளை, மொத்தமே ஒரு பாழடைந்த மனை, விரல்விட்டு எண்ணக்கூடிய மனிதர்கள். அடிமையாக விற்கப்படுவதிலிருந்து தப்பி ஓடிவந்த பாணர் குலப் பாடகன் தேவன் பசியில் அந்த வீட்டுக்குள் நுழைகிறான். மம்மூட்டி நடித்த கொடுமோன் போற்றி அவனை வரவேற்கிறார். பக்கத்தில் உட்கார வைக்கிறார், சாதி பார்க்காதவர்போலச் சிரிக்கிறார், பகடை ஆடக் கூப்பிடுகிறார். பந்தயம் வைக்க அவனிடம் என்ன இருக்கிறது? அவன் காலத்தை வைக்கச் சொல்கிறார். தோற்கிறான். அதற்குப் பிறகு அந்த வீட்டை விட்டுப் போக முடியாது.

அந்தக் காட்சியில் எனக்கு முதுகு சில்லிட்டது. பேய் வந்ததால் இல்லை. எங்கள் தாத்தா காலத்துப் பண்ணையாள் முறை அப்படியே அதில் இருந்தது. கல்யாணச் செலவுக்குக் கொஞ்சம் கடன், அதற்கு உழைப்பு, உழைப்பு தீர்ந்தாலும் கடன் தீராது, பிள்ளையும் அதே பண்ணையில் மாடு மேய்க்க வேண்டும். சாணிப்பாலும் சவுக்கடியும் இந்தத் தஞ்சை மண்ணில் நடந்தவை. 1940களில் செங்கொடிச் சங்கம் வந்து சண்டை போட்டபிறகுதான் அவை ஓய்ந்தன. படத்தின் முடிவில் போற்றி வீழ்ந்தாலும் அதிகாரத்தின் மோதிரம் இன்னொரு கைக்குப் போகிறது. பூசாரியும் இல்லை, குடும்பப் போட்டோவும் இல்லை. கேள்வியை நம் தலையில் கட்டிவிட்டுப் படம் முடிந்துவிடுகிறது. மாதக்கணக்கில் அது என்னை விடவில்லை.

அமெரிக்காவில் ஜோர்டன் பீல் 2017இல் எடுத்த 'கெட் அவுட்' படத்தில் இப்படி ஓர் இடம் உண்டு. கறுப்பின இளைஞன் கொலைகார வெள்ளைக் குடும்பத்திடமிருந்து தப்பி ரோட்டுக்கு வந்துவிடுகிறான். அப்போது போலீஸ் கார் மாதிரி விளக்கு சுழன்றபடி ஒரு வண்டி வருகிறது. வேறு எந்தப் படமாக இருந்தாலும் போலீஸ் வந்தால் நிம்மதி. இங்கே அதுதான் உச்சபட்ச திகில், அவனைத்தானே கைது செய்வார்கள் என்று. யார் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது அவரவர் பிறந்த தெருவைப் பொறுத்தது.

இப்போது நான் பார்த்ததிலேயே பயங்கரமான படத்தைச் சொல்கிறேன். பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த 'ராமையாவின் குடிசை'. ஆவணப்படம்தான். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் அடியாட்களுக்குப் பயந்து ஒரு சின்னக் குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். பிழைத்தவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். அவ்வளவுதான் படம்.

அதைவிடத் திகிலானது தீர்ப்பு. நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கிற, இவ்வளவு வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் வந்த வாதம். கார் இருந்தால் கொலை செய்ய மாட்டார்கள்! எனக்கு ராத்திரி லைட்டை அணைக்கவிடாத வரி இதுதான். 2024 ஜனவரியில் ஒரத்தநாடு பக்கம், நம் சமூகத்து இளைஞரைக் கல்யாணம் செய்த 19 வயதுப் பெண்ணைக் கொன்று எரித்ததாகப் பெற்றோரே கைதானார்கள் என்ற செய்தியைப் படித்த அன்றும் அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

அந்தத் தம்பிக்கு 'ராமையாவின் குடிசை'யைப் பார்க்கக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன்.

"என்னப்பா, லைட்டை அணைச்சியா?"

"அணைச்சுட்டேன் அண்ணே. தூக்கம்தான் வரல. வெண்மணிக்கு எந்த பஸ்ல போகணும்?"

தஞ்சாவூர் போய் திருவாரூர் பஸ் பிடிக்க வேண்டும். அங்கிருந்து கீழ்வேளூர், பிறகு தேவூர் பக்கம். டிசம்பர் 25 அன்று போனால் வழி கேட்க வேண்டியிருக்காது, கூட்டத்தோடு நடந்தால் போதும். திருவையாறு பஸ் ஸ்டாண்டில் காலை ஐந்தரைக்கு நிற்போம். வருகிறவர்கள் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

ஜெய்பீம்.